டீச்சரைக் கேளுங்கள்: பயிற்சி ஆசிரியரும் ஸ்மார்ட் போர்டும்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்துவிட்டாலும் எங்கள் தலைமுறைக்கு இது இன்னும் வடாற்காடுதான். பி.எட். கல்லூரியில் அறிவியல் கற்பித்தல் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். நாளைக்கு ஆசிரியராகப் போகிறவர்களுக்கு வகுப்பில் கணினியையும் போனையும் எப்படிப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பது என்று கேட்டு, இந்த வட்டாரத்திலிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லோரையும் இப்போதே தயார் செய்தாக வேண்டும் என்பதால் இந்த இதழ் முழுக்க அந்தக் கேள்விகளுக்கே.

கேள்வி: பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அரசுப் பள்ளி ஒன்றில் கற்பித்தல் பயிற்சி. ஏழாம் வகுப்புக்கு மின்சுற்று பாடம் எடுத்தபோது ஸ்மார்ட் போர்டில் அருமையான அனிமேஷன் வீடியோ போட்டேன். பிள்ளைகள் சத்தமே இல்லாமல் பார்த்தார்கள். மேற்பார்வைக்கு வந்த எங்கள் மேடமும் பாராட்டினார். மறுநாள் கேட்டால் யாருக்கும் பதில் வரவில்லை. எங்கே தவறு?
– வாசகி, குடியாத்தம்

பதில்: வீடியோ நன்றாகத்தான் இருந்திருக்கும் அம்மா. ஆனால் அந்த வகுப்பில் யாருக்கும் ஒரு கேள்வி எழுவதற்கு முன்னாலேயே பதில் ஓடி முடிந்துவிட்டது. பிள்ளைகள் அமைதியாக இருந்தார்கள் என்பதை வைத்து அவர்களுக்குப் புரிந்தது என்று முடிவு கட்ட முடியாது.

மின்சுற்றில் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. டார்ச் பல்பு இரண்டை வரிசையாக, அதாவது தொடர் இணைப்பில் மாட்டுங்கள். சுவிட்சைப் போடாமல், "எது நல்லா எரியும்?" என்று கேளுங்கள். நிறையப் பேர் மின்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பல்பைக் காட்டுவார்கள். ஏன் என்று கேட்டால், "கரண்ட்டு மொதல்ல அதுக்குத்தான் மிஸ் போவுது. அது எடுத்துக்கும், மீதிதான் அடுத்ததுக்கு" என்பார்கள். வழியில் செலவாகிக்கொண்டே போகிற பொருள் மின்னோட்டம் என்று அவர்கள் மனதில் பதிந்திருக்கிறது. இது வேலூர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய எண்ணம் இல்லை. உலகம் முழுக்க அறிவியல் ஆசிரியர்கள் பார்க்கிற ஒன்று. உங்கள் அனிமேஷன் இந்த எண்ணத்தைத் தொடவே இல்லை. அதனால் வீடியோ முடிந்த பிறகும் அது அங்கேயே உட்கார்ந்திருந்தது.

அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். எத்தனை பேர் முதல் பல்பு என்கிறார்கள், எத்தனை பேர் இரண்டாவது, எத்தனை பேர் இரண்டும் சமம் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு சுவிட்சைப் போடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி எரியும். "பல்பு ரிப்பேர் மிஸ்" என்று ஒருவன் கட்டாயம் சொல்வான். இடம் மாற்றி மாட்டிப் பார்க்க அவனையே கூப்பிடுங்கள். அப்படியும் சமமாகத்தான் எரியும். இப்போதுதான் பிள்ளைகளுக்கு உண்மையான கேள்வி பிறக்கிறது. ஸ்மார்ட் போர்டைத் தொட வேண்டிய நேரமும் இதுதான்.

இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'பெட்' (PhET) என்ற இலவசப் பாவனைச் செயல்முறைகள், அதாவது திரையிலேயே செய்து பார்க்கிற சோதனைகள் இருக்கின்றன. நம் பாடநூலில் வருகிற 'இணையச் செயல்பாடு' பகுதிகளில்கூடப் பார்த்திருப்பீர்கள். அதில் மின்சுற்று கட்டுகிற ஒன்றைத் திறந்தால், கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நகர்வது நீல நிற உருண்டைகளாகத் தெரியும். அதே இரண்டு பல்பை அங்கேயும் மாட்டி, மின்னோட்டத்தை அளக்கிற அம்மீட்டரை எங்கே வைக்கலாம் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். முதல் பல்புக்கு முன்னால், இரண்டுக்கும் நடுவில், கடைசியில் என்று அவர்களே வந்து வைக்கட்டும். எங்கே வைத்தாலும் ஒரே அளவுதான் காட்டும். "அப்போ பல்பு எதைத்தான் எடுத்துக்குது?" என்று நீங்கள் கேட்டால், ஆற்றல் என்ற சொல்லுக்கு வகுப்பு தயாராக நிற்கும். உங்கள் வீடியோவில் தேவையான துண்டை இப்போது போடுங்கள், மூன்று நிமிடம் போதும்.

கையில் தொட்ட பல்பு, கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுகிற திரை இரண்டுமே வேண்டும். பல்பு வாங்கும்போது ஒரே அளவுள்ள பழைய இழை பல்பாகப் பார்த்து வாங்குங்கள். எல்.இ.டி. இந்தச் சோதனைக்கு ஆகாது, திருப்பி மாட்டினால் எரியவே எரியாது. இழை பல்பு இப்போது அரிதாகிவிட்டது, வேலூர் லாங் பஜார் பக்கம் பழைய எலக்ட்ரிக் கடைகளில் விசாரியுங்கள்.

உங்கள் மேடத்துக்கும் ஒரு வார்த்தை. உற்றுநோக்கல் பதிவேட்டில் 'தொழில்நுட்பம் பயன்படுத்தப்பட்டது' என்று டிக் அடித்தால் போதாது. வகுப்பில் யார் யோசித்தார்கள், யார் பேசினார்கள், யார் கை அந்தத் திரையைத் தொட்டது என்றும் எழுத வேண்டும்.

கேள்வி: சிறிய பி.எட். கல்லூரி ஒன்றின் முதல்வர் நான். கணினி ஆய்வகம், புரொஜெக்டர் எல்லாம் வைத்திருக்கிறோம். ஆனாலும் எங்கள் மாணவர்கள் பள்ளிக்குப் போனால் சார்ட் ஒட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள். அடுத்து என்ன வாங்கலாம்?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: ஒன்றும் வாங்க வேண்டாம் ஐயா. உங்கள் பேராசிரியர்களின் வகுப்புகளில் போய் உட்காருங்கள். தமிழ் கற்பித்தல், கணிதம் கற்பித்தல், வரலாறு கற்பித்தல் எடுப்பவர்களில் எத்தனை பேர் தங்கள் பாடத்தில் அந்தப் புரொஜெக்டரைப் பயன்படுத்துகிறார்கள்? மாணவர்கள் பார்த்ததைத்தான் செய்வார்கள். டிக்டேஷன் எடுத்தே இரண்டு வருடம் படித்தவர், பள்ளிக்குப் போனதும் வேறு மாதிரி நடத்துவார் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகளுக்குப் பிறகு, 2015-லிருந்து பி.எட். இரண்டு வருடம் ஆனது. தகவல் தொழில்நுட்பத்துக்குத் தனிப் பகுதியும் பாடத்திட்டத்தில் வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பல இடங்களில் அதைக் கணினி ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். வேர்டு, எக்செல், பவர்பாயின்ட் என்று அது தனியாக ஓடுகிறது, பாடம் கற்பிக்கும் முறை இன்னொரு பக்கம் தனியாக ஓடுகிறது. இரண்டும் சந்திக்கவே இல்லை.

லீ ஷுல்மன் என்ற கல்வியாளர் 1986-ல் ஒன்று சொன்னார். பாடம் தெரிந்திருப்பது ஒன்று, கற்பிக்கும் முறை தெரிந்திருப்பது இன்னொன்று. இந்தப் பாடத்தை இந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொன்னால் ஏறும் என்பது, இரண்டும் கலந்த தனி அறிவு. நம் நாட்டவரான புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006-ல் அதோடு தொழில்நுட்பத்தையும் சேர்த்தார்கள். பாடம், முறை, கருவி மூன்றையும் சேர்த்துப் பிசைந்தால்தான் அறிவு. தனித்தனியாகத் தட்டில் வைத்தால் சோறும் குழம்பும் பக்கத்துப் பக்கத்தில் காய்ந்து கிடப்பது மாதிரிதான்.

அதனால் நுண்ணிலைக் கற்பித்தலிலிருந்தே தொடங்குங்கள். வினாக் கேட்கும் திறன், வலுவூட்டும் திறன், தூண்டல் மாறும் திறன் என்று ஐந்தைந்து நிமிடம் பயிற்சி கொடுக்கிறீர்கள் அல்லவா? அதை ஒரு போனில் படம் பிடியுங்கள். நடத்தியவரே முதலில் தனியாகப் பார்க்கட்டும். கேள்வி கேட்டுவிட்டு எத்தனை வினாடி காத்திருந்தோம் என்று அவரே எண்ணட்டும். பலர் மூச்சுவிடக்கூட இடம் தராமல் தாங்களே பதிலையும் சொல்லிவிடுவார்கள், அதைத் திரையில் பார்க்கும்போதுதான் உறைக்கும். அப்புறம் அதே பாடத்தை மறுபடி நடத்தச் சொல்லுங்கள். நுண்ணிலைக் கற்பித்தல் 1960-களில் ஸ்டான்ஃபோர்டில் பிறந்தபோதே வீடியோ பதிவு அதில் ஒரு பகுதியாக இருந்தது. நாம்தான் கேமரா இல்லை என்று அதை விட்டுவிட்டோம். இன்று உங்கள் மாணவர்கள் எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது.

கேள்வி: தமிழ் பி.எட். மாணவன். வீட்டில் உட்கார்ந்து அணி இலக்கணத்துக்கு நாற்பது ஸ்லைடு செய்தேன். பள்ளிக் கணினியில் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாக வருகிறது. அவமானமாகப் போய்விட்டது.
– வாசகர், ஆற்காடு

பதில்: பாமினி அல்லது வானவில் மாதிரி பழைய எழுத்துருவில் அடித்திருப்பீர்கள் தம்பி. அவற்றில் கணினியைப் பொறுத்தவரை நீங்கள் அடித்தது ஆங்கில எழுத்தும் குறியும்தான். அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் அது தமிழ் வடிவத்தில் தெரியும், இல்லாத கணினியில் உள்ளே இருப்பது அப்படியே வெளியே வந்துவிடும்.

இனி எதை அடித்தாலும் யூனிகோடில் அடியுங்கள். தமிழக அரசே 2010-ல் அதைத் தரமாக அறிவித்துவிட்டது. விசைப்பலகைக்குத் தமிழ் 99 பழகிக்கொள்ளுங்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்தது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று தட்டினால் போதும், நடுவில் புள்ளி தானாக விழும். ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும், அதன் பிறகு கை ஓட ஆரம்பித்துவிடும். பள்ளிக்குக் கொண்டுபோகும்போது பி.டி.எஃப். பிரதியும் ஒன்று பென் டிரைவில் இருக்கட்டும். முந்தின நாள் சாயங்காலமே அந்தக் கணினியில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

அப்புறம், நாற்பது ஸ்லைடு ஒரு பீரியடுக்கு மிக அதிகம். உவமை அணிக்கும் உருவக அணிக்கும் வித்தியாசம் சொல்ல இரண்டு ஸ்லைடு போதும். மலர்முகம், முகமலர் இரண்டையும் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். பிள்ளைகள் பேசட்டும்.

கேள்வி: ஒடுகத்தூருக்கு மேலே மலைக் கிராமப் பள்ளியில் பயிற்சி. சிக்னல் இல்லை. கரண்ட்டும் வரும், போகும். இங்கே என்ன தொழில்நுட்பம் அம்மா?
– வாசகி, அணைக்கட்டு

பதில்: சிக்னல் இருக்கிற இடத்தில் நடக்கிற பயிற்சியைவிட உங்கள் பயிற்சி ஒரு படி மேல். எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்தாக வேண்டும் அல்லவா?

2018-ல் வந்த புதிய பாடநூல்களிலிருந்து பாடத்துக்குப் பாடம் க்யூஆர் குறியீடு இருக்கிறது. அதன் வழியாக, பாட வீடியோக்கள் இருக்கிற அரசின் திக்‌ஷா தளத்துக்குப் போகலாம். வகுப்பில் நின்றுகொண்டு ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. கீழே இறங்கும்போது ஒடுகத்தூரிலேயே ஸ்கேன் செய்து, தேவையானதை மட்டும் போனில் இறக்கிக்கொள்ளுங்கள், மேலே டேட்டா இல்லாமலே ஓடும். முதல் பதிலில் சொன்ன பெட் செயல்முறைகளையும் கோப்பாகச் சேமித்து, இணையம் இல்லாமல் திறக்கலாம். இறக்கியதை மலைக்குப் போவதற்கு முன் 'ஏர்பிளேன் மோடில்' போட்டு ஓட்டிப் பாருங்கள். இந்த ஒரு பழக்கம் உங்களைப் பலமுறை காப்பாற்றும். பவர் பேங்கும், சின்ன புளூடூத் ஸ்பீக்கரும் பையில் இருக்கட்டும். போன் திரை சின்னது, முழு வகுப்புக்கும் தூக்கிக் காட்டினால் கடைசி வரிசைக்கு ஒன்றும் தெரியாது. நான்கைந்து பேராகக் கூப்பிட்டுக் காட்டுங்கள், மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் வேறு வேலை கொடுங்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஜவ்வாது மலையில் சாமை விளைகிறது. அதை விதைப்பது, அறுப்பது, உமி நீக்குவது எல்லாம் அந்தப் பிள்ளைகளின் பாட்டிக்கு மனப்பாடம். பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு, போனின் ஒலிப்பதிவியில் பிள்ளைகளே பாட்டியைப் பேட்டி எடுக்கட்டும். மறுநாள் வகுப்பில் அதைப் போட்டுக் கேட்டு, எழுதி, படம் வரையட்டும். தமிழும் அறிவியலும் சேர்ந்தே நடக்கும். கீழே இருந்து மலைக்கு ஏறுகிற வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. மலையிலிருந்து பதிவாகிற குரல் குறைவு. அதை ஆரம்பித்து வைக்கிற டீச்சராக நீங்கள் இருக்கலாம்.

கேள்வி: வரலாற்றுப் பாடத்துக்குப் படம் காட்டுவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்?
– வாசகர், வேலூர் சத்துவாச்சாரி

பதில்: சத்துவாச்சாரியில் இருந்துகொண்டா இந்தக் கேள்வி! கோட்டை பக்கத்திலேயே இருக்கிறதே.

1806 ஜூலை 10, வேலூர்ப் புரட்சி. தலைப்பாகையில் தோல் சின்னம், நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது என்ற புது உத்தரவுகளால் கொதித்திருந்த சிப்பாய்கள் விடியும் முன்பே வேலூர்க் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். செய்தி ஆற்காட்டுக்குப் போனதும் அங்கிருந்து ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப் படையோடு கிளம்பி, அன்று காலையிலேயே வந்து சேர்ந்தார். அன்றே கோட்டை மறுபடி ஆங்கிலேயர் கைக்குப் போனது. பாடநூலில் இது சில வரிகள். பிள்ளைகள் தேதியை மனப்பாடம் செய்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

இதற்குச் செயற்கைக்கோள் வரைபடத்தை எடுங்கள். முதலில் கோட்டையை மட்டும் பெரிதாக்கிக் காட்டுங்கள். சுற்றி அகழி, உள்ளே போக எத்தனை வழி என்று பிள்ளைகள் தேடட்டும். "நீங்க உள்ளே இருக்கீங்க. எந்த இடத்தைக் காவல் காப்பீங்க?" என்று கேளுங்கள். அப்புறம் படத்தைச் சுருக்கி ஆற்காட்டைத் தேடச் சொல்லுங்கள். தூரம் அளக்கிற வசதியை வைத்து அவர்களே அளக்கட்டும், சுமார் 25 கிலோமீட்டர் வரும். குதிரைக்கு எவ்வளவு நேரம்? நடந்து வருகிற படைக்கு எவ்வளவு நேரம்? குதிரைப்படை ஆற்காட்டில் இல்லாமல் சென்னையில் இருந்திருந்தால்? அந்தக் கடைசிக் கேள்விக்கு வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். போடட்டும். தூரமும் நேரமும் ஒரு கிளர்ச்சியின் முடிவை எப்படித் தீர்மானித்தன என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். ஓடும் பேருந்தில் தினமும் அதே பாதையில் வருகிற பிள்ளைகூட இருப்பான், அவனைப் பேசவிடுங்கள்.

கேள்வி: பயிற்சிக்குப் போன பள்ளியில் எனக்குக் கணினி தெரியும் என்று தெரிந்ததும், நாள் முழுக்க எமிஸ் (மாணவர், பள்ளி விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு வேலையே கொடுக்கிறார்கள். வகுப்புக்கே விடுவதில்லை.
– பெயர் வேண்டாம், திருப்பத்தூர்

பதில்: எமிஸ் பதிவு எப்படி நடக்கிறது என்று ஓரிரு நாள் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது. நாளைக்கு உங்களுக்கும் அந்த வேலை வரும். அதற்கு மேல் அது பயிற்சி இல்லை, எழுத்தர் வேலை. இரண்டாம் ஆண்டில் பதினாறு வாரப் பள்ளிப் பயிற்சி வைத்திருப்பது பிள்ளைகள் முன்னால் நிற்பதற்காக. தலைமை ஆசிரியரிடம் நீங்கள் நேரடியாக மோத வேண்டாம். தினமும் என்ன வேலை செய்தீர்கள் என்று தேதி போட்டு எழுதி, உங்கள் கல்லூரி மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். பேச வேண்டியது அவர் பொறுப்பு. அவர் பேசவில்லை என்றால் முதல்வரிடம் போங்கள். தயங்காதீர்கள், இழந்த வாரங்கள் திரும்ப வராது.

கேள்வி: நான் பி.எட். கல்லூரி ஆசிரியை. பாடக்குறிப்புகளை மாணவர்கள் சாட்ஜிபிடியிடம் கேட்டு எழுதி வருகிறார்கள். எல்லாம் ஒரே அச்சு. தடை போடலாமா?
– வாசகி, காட்பாடி

பதில்: தடை போட்டால் ஒளித்துச் செய்வார்கள். சாட்ஜிபிடியால் எழுத முடியாத ஒன்றைக் கேளுங்கள் என்றும் நான் சொல்லமாட்டேன், அது எதையும் எழுதிவிடும். அதற்குத் தெரிய வாய்ப்பே இல்லாத ஒன்று உண்டு. உங்கள் மாணவர் போய் நிற்கிற வகுப்பில் இருக்கிற பிள்ளைகள்.

அதனால் பாடக்குறிப்போடு ஒரு பக்கம் கூடுதலாகக் கேளுங்கள். இந்தப் பாடத்துக்கு முன்னால் உங்கள் வகுப்புப் பிள்ளைகள் சொன்ன தவறான பதில்கள் என்ன? அவர்கள் எழுதிய தாளின் படம் எங்கே, பெயரை மறைத்து? அந்தத் தவறுக்காகக் குறிப்பில் எந்த இடத்தை மாற்றினீர்கள்? பின்னம் கற்பிக்கிறவர், 1/4 பெரிதா 1/3 பெரிதா என்று கேட்டு வரட்டும். நான்கு மூன்றைவிடப் பெரியது, அதனால் 1/4 பெரியது என்று சொன்ன பிள்ளையை நேரில் பார்த்தவருக்கு, எந்திரம் கொடுத்த குறிப்பில் என்ன குறைகிறது என்று தானாகவே கண்ணில் படும். அதைத் திருத்தி எழுதினால் அது அவருடைய குறிப்பு.

தகவல் சரிபார்ப்பதையும் உங்கள் வகுப்பிலேயே செய்து காட்டுங்கள். மேலே சொன்ன வேலூர்ப் புரட்சியைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதச் சொல்லி, அதைத் திரையில் போட்டு, பாடநூலை மடியில் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிடட்டும். தேதி, பெயர், காரணம் ஒவ்வொன்றும். அந்த எந்திரம் தெரியாததையும் தெரிந்த மாதிரி, தடுமாறாத நடையில் எழுதும். சுத்தமான நடையைப் பார்த்து ஏமாறக்கூடாது என்ற எச்சரிக்கை உணர்வு ஆசிரியருக்கு முதலில் வந்தால்தான் பிள்ளைகளுக்கும் போகும். இதை ஒரு பீரியடில் முடிக்க முடியாது. பருவம் முழுக்க, பாடத்துக்குப் பாடம் செய்யுங்கள்.

கேள்வி: என் மகள் நான்காம் வகுப்பு. அவள் பள்ளிக்குப் பயிற்சிக்கு வந்த ஆசிரியை, என் மகள் வாசிக்கத் தெரியாமல் தடுமாறுவதை ரீல்ஸாகப் போட்டிருக்கிறார். 'க்யூட்' என்று தலைப்பு வேறு. உறவுக்காரர்கள் எல்லாம் பார்த்துவிட்டார்கள்.
– ஒரு தாய், வாலாஜாப்பேட்டை

பதில்: படித்ததும் மனம் கொதித்தது. நாளைக்கே தலைமை ஆசிரியரைப் பார்த்து, வீடியோவை நீக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். அந்தப் பயிற்சி ஆசிரியையின் கல்லூரிக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குழந்தைகள் என்று வரையறுத்து, அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். வாசிக்கத் திணறுகிற பிள்ளை தன் திணறலை டீச்சரை நம்பித்தான் வெளியே காட்டுகிறது. அந்த நம்பிக்கையை எடுத்து ஊர் முன்னால் வைத்தால், அது மறுபடி வாயைத் திறக்குமா? உங்கள் மகளிடம், தப்பு அவள் மேல் இல்லை என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

பி.எட். கல்லூரிகளுக்கு நான் வேண்டிக் கேட்பது: முதல் நாள் பயிற்சிக்கு அனுப்பும் முன்பே, பிள்ளைகளின் முகமோ குரலோ தாளோ சொந்தக் கணக்கில் போகக்கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். மேலே நான் சொன்ன பதிவுகள் எல்லாமே கற்பதற்காக, அனுமதியோடு, அந்த வகுப்புக்குள் மட்டும்.

கேள்வி: உருது வழிப் பள்ளியில் பயிற்சி எடுக்கிறேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிற அளவுக்கு உருதுவில் ஒன்றும் கிடைப்பதில்லை.
– வாசகி, வாணியம்பாடி

பதில்: என்.சி.இ.ஆர்.டி.யின் உருதுப் பாடநூல்கள் இ-பாடசாலை தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நம் பாடத்திட்டம் வேறு என்றாலும் அறிவியல், கணிதப் படங்களையும் கலைச்சொற்களையும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதைவிட, வசனம் இல்லாத படங்களையும் பாவனைச் செயல்முறைகளையும் தேர்ந்தெடுத்து நீங்களே உருதுவில் பேசுங்கள். உங்கள் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொண்டால் ஆம்பூர், பேரணாம்பட்டு பள்ளிகளில் இருக்கிற உங்கள் தோழிகளுக்கும் உதவும். நாலைந்து பேர் பாடம் பிரித்துக்கொண்டால் ஒரு வருடத்தில் நல்ல சேகரிப்பு ஆகிவிடும்.

கேள்வி: பார்வைக் குறைபாடு உள்ளவன். தமிழாசிரியர் ஆக ஆசை. இந்தக் கணினி எல்லாம் எனக்கு உதவுமா, கூடுதல் சுமையா?
– வாசகர், ஆரணி

பதில்: கட்டாயம் உதவும் தம்பி. என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசம். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர்கள் இருவர் சேர்ந்து உருவாக்கியது, தமிழும் வாசிக்கும். யூனிகோடில் உள்ளதைத்தான் அது தமிழாக வாசிக்கும், ஆற்காட்டுத் தம்பிக்கு நான் அவ்வளவு அழுத்திச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் கல்லூரி கொடுக்கிற குறிப்புகளை ஸ்கேன் செய்த படமாக இல்லாமல் யூனிகோடு எழுத்தாகவே தரும்படி கேளுங்கள். அது உங்கள் உரிமை.

வகுப்பில், பலகையில் எழுதுவதற்கு ஒரு மாணவரை அழையுங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார், மற்றவர்கள் பிழை கண்டுபிடிப்பார்கள். செய்யுளை வாய்விட்டு வாசிப்பதிலும் ஓசையைக் காதால் பிரிப்பதிலும் உங்களுக்கு இருக்கிற தேர்ச்சி பலருக்கு இருக்காது. யாப்பு நடத்தும்போது அதைப் பயன்படுத்துங்கள். பயிற்சிப் பள்ளிக்குப் போகும் முன் ஒருமுறை போய் வகுப்பறை, படிக்கட்டு, பிளக் இருக்கிற இடம் எல்லாம் பழகிவிட்டு வாருங்கள்.

கேள்வி: அடுத்த வாரம் தனியார் பள்ளி நேர்முகத் தேர்வு. இருபது நிமிட டெமோ வகுப்பு, ஸ்மார்ட் போர்டு கட்டாயம் என்கிறார்கள். கணிதம். பயமாக இருக்கிறது.
– வாசகி, சோளிங்கர்

பதில்: எட்டாம் வகுப்புக்கு மேல் கேட்டால் நேர்கோட்டு வரைபடம் எடுங்கள். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் சாய்வுக்கு ஒரு நகர்த்தி (ஸ்லைடர்), வெட்டுத்துண்டுக்கு ஒரு நகர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். நகர்த்துவதற்கு முன்னால், கோடு எந்தப் பக்கம் சாயும் என்று கையை நீட்டிக் காட்டச் சொல்லுங்கள். எதிரே பெரியவர்கள் உட்கார்ந்திருந்தாலும் அவர்களையும் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். நகர்த்தியைத் தொட ஒருவரைக் கூப்பிடுங்கள். கடைசி ஐந்து நிமிடம் போர்டை அணைத்துவிட்டு, கட்டம் போட்ட தாளில் ஒரு கோட்டை அவர்களே வரையட்டும்.

கோப்பு பென் டிரைவிலும் போனிலும் இரண்டு இடத்தில் இருக்கட்டும். ஒருவேளை போர்டு ஓடவில்லை என்றால் ஒரு நிமிடத்துக்கு மேல் அதோடு போராட வேண்டாம். சாக்பீஸை எடுத்து, அதே கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.